திரும்பும்போது ஒரு தத்தல்

10 நவ., திங்கள். காலையிலிருந்து தூறல்.

சேலையூர்வாழ் பெருமக்களுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: என்னுடைய பிரவுன் பெல்ட் நேற்று வாஷிங் மெஷினில் காலமானது. கராத்தே பெல்ட்டைத் துவைக்கக் கூடாது, உழைத்த வியர்வை போய்விடும் என்பது எங்கள் வகுப்பு வழக்கம். அம்மாவைப் பொறுத்தவரை வியர்வை என்றால் நாற்றம். பெல்ட் இப்போது தண்ணீர் டீ நிறம். கூடவே கிடந்த அப்பாவின் வெள்ளைச் சட்டை, பரீட்சை எழுதாமலே பிரவுன் வாங்கிவிட்டது.

அடுத்த செய்தி. எங்கள் கராத்தே மாஸ்டர் இறந்தபின் புதன்கிழமைதான் முதல் வகுப்பு. ஹார்ட் அட்டாக். அடக்கத்துக்குப் போயிருந்தேன். எல்லோரும் அழுதார்கள். எனக்கு ஷூ கடித்தது, அது மட்டும்தான் ஞாபகம். வகுப்பு நண்பன் சதீஷ் தோளில் கை போட்டு, "மச்சான், ஓகேவா?" என்றான். ஓகே என்றேன். நிஜமாகவே ஓகேதான். பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி. தட்டிப் பார்த்தால் வேறு யாருடைய கன்னமோ.

இனி வகுப்பை யார் நடத்துவது? பிரவீன் அண்ணா என்று பெற்றோர்கள் பேச்சு. மாஸ்டரின் பழைய மாணவர், பிளாக் பெல்ட், கேளம்பாக்கம் பக்கம் ஐ.டி. வேலை. பல வருடமாக வகுப்புப் பக்கம் எட்டிப் பார்க்காதவர். என் கருத்து வேறு. தலைவனுக்கு வேண்டியவை:

- குரல். என்னுடையது உடைந்து செட் ஆகிவிட்டது.
- ஓடு உடைக்கத் தெரிய வேண்டும். பக்கத்து வீட்டு ஓடு ஒன்று, கிரிக்கெட் பந்தால். கணக்கில் வரும்.
- யாரையும் காப்பி அடிக்காத தனி ஸ்டைல்.
- எதற்கும் கலங்கக் கூடாது.

எல்லாம் உள்ள ஒரே ஆள் இப்போது டைரி எழுதிக்கொண்டிருக்கிறான்.

12 நவ., புதன். மழை விட்டது. கொசு விடவில்லை.

சர்ச் ஹால். பெல்ட் வரிசைப்படி நின்றோம். மாஸ்டர் நிற்கும் இடத்தில் பி. அ. (பிரவீன் அண்ணா, இனி இப்படித்தான்). என் பெல்ட்டைப் பார்த்துச் சதீஷ், புதிதாக ஒரு கிரேடு கண்டுபிடித்திருக்கிறார்களா என்று கேட்டான்.

கட்டா செய்யச் சொன்னார். குத்து, தடுப்பு, உதை எல்லாவற்றையும் ஒரே வரிசையில் கட்டாயமாகச் செய்வது கட்டா. எதிரே ஆள் கிடையாது. அதனால் இதுவரை நான் தோற்றதில்லை. பி. அ. பாதியில் நிறுத்தினார். மறுபடி செய்யச் சொல்லி மறுபடி நிறுத்தினார்.

"பின்னாடி திரும்பும்போது எல்லாரும் எதுக்கு ஒரு தத்து தத்துறீங்க?"

யாருக்கும் கேள்வியே புரியவில்லை. திரும்பினால் தத்த வேண்டும். இடது காலை முழுக்க ஊன்றாமல் ஒரு சின்னத் தத்தல். அதுதானே கட்டா.

ஏஞ்சலின் கை தூக்கினாள். எட்டு வயது, வெள்ளை பெல்ட், முன்பல் இல்லை. "மாஸ்டர் அப்படித்தான் அண்ணா செய்வாரு."

பி. அ. ஃபேனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கட்டாவில் தத்தல் கிடையாது. மாஸ்டர் கேம்ப் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து இடது முட்டி போய்விட்டது. பி. அ. கற்றுக்கொண்டது அதற்கு முன்னால். நாங்கள் எல்லோரும் பின்னால் வந்து சேர்ந்தவர்கள். மாஸ்டர் முட்டியைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. ஆக, ஹால் முழுக்க ஒருத்தர் வலியைக் கற்று வைத்திருக்கிறோம். எங்களுக்கு வலிக்காமல்.

ஞாயிறு போட்டி. தத்தினால் மார்க் வெட்டுவார்கள். வாசலில் பெற்றோர்கள் வேறு. தாம்பரத்தில் ஒரு ஏ.சி. வகுப்பு திறந்திருக்கிறதாம், வேன் வீட்டுக்கே வருமாம். ஏஞ்சலின் அப்பா மட்டும் நேராகச் சொன்னார்: "ஒரு மெடலாவது வரட்டும் தம்பி. அப்புறம் பார்க்கலாம்." வராவிட்டால் வகுப்பு காலி.

சின்னப் பசங்களுக்குத் தத்தலை மறக்கடிக்கும் பொறுப்பு எனக்கு. என்னிடம் தத்தல் இல்லை என்பதைப் பி. அ. கவனித்திருக்க வேண்டும். ஒரே சாயங்காலம் போதும் என்றேன்.

14 நவ., வெள்ளி. வெயில்.

திட்டம்: தத்தும் கால் எங்கே இறங்குமோ அங்கே ஒரு பொரித்த அப்பளம். தத்தினால் நொறுங்கும், வெட்கப்பட்டுத் திருந்துவார்கள். அம்மாவிடம் வகுப்பில் விருந்து என்று சொல்லிப் பொரிக்க வைத்தேன்.

விளைவு: எல்லா அப்பளமும் நொறுங்கியது. வெட்கம் எவனுக்கும் வரவில்லை. இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்கள். ஏஞ்சலின் தன் அப்பளத்தைத் தின்றுவிட்டுத் தத்தினாள்.

"நீங்க செஞ்சு காட்டுங்க அண்ணா, பார்த்துச் செய்றோம்."

தலைவர்கள் செய்து காட்டுவதில்லை, சொல்லிக் காட்டுவார்கள் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. ஹாலைப் பெருக்கினேன். மாஸ்டர் இருந்தால் முட்டி போட்டு அப்பளத் தூளைப் பொறுக்க விட்டிருப்பார். இல்லை. சரி.

இன்னும் அந்த ஊசி போட்ட கன்னம்தான்.

16 நவ., ஞாயிறு. மறுபடி தூறல்.

காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். மேடையில் முந்தின நாள் பூ இன்னும் வாடாமல். என் கட்டா முதலில். தோற்றேன். எதிரே ஆள் இல்லாமலே. என் தனி ஸ்டைல் நடுவர்களுக்குப் புரியவில்லை.

சின்னப் பசங்கள் குழுவாகச் செய்தார்கள். திரும்பும் இடம் வந்தது. அத்தனை பேரும் ஒரே நொடியில் தத்தினார்கள். எங்கள் வகுப்பில் அவ்வளவு ஒற்றுமையை நான் பார்த்ததே இல்லை. பக்கத்து வரிசையில் ஒருவன், "நொண்டி கிளாஸ்டா" என்றான். அந்த வரிசையே சிரித்தது. ஏஞ்சலின் இறங்கி வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

மிச்சம் இருந்தது பி. அ. மட்டும். பெரியவர்கள் பிரிவு. அவர் கை வீசினால் சட்டை சத்தம் போடுகிறது, அப்படி ஒரு சுத்தம். மெடல் உறுதி என்று சதீஷ் போனைத் தயாராகப் பிடித்தான். திரும்பும் இடம் வந்தது. பி. அ. தத்தினார்.

தெரியாமல் தத்தியது இல்லை. இடது கால் ஊன்றாமல், அளவாக, மாஸ்டர் மாதிரியே. அடுத்த திருப்பத்திலும்.

பக்கத்து வரிசை என்ன செய்தது தெரியாது. நான் ஏஞ்சலினைப் பார்த்தேன். சுவரை விட்டுத் திரும்பி நேராக உட்கார்ந்திருந்தாள்.

மெடல் இல்லை. ஒன்றுகூட. வெளியே வந்த பி. அ., ஏஞ்சலின் அப்பாவிடம், "கால் ஸ்லிப் ஆயிடுச்சு சார்" என்றார். அவர் பி. அ.வின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு மழையில் பைக் வரைக்கும் நடந்தார்.

எனக்கு எதுவும் தோன்றவில்லை. கை மட்டும் தட்டி முடித்து எரிந்துகொண்டிருந்தது.

17 நவ., திங்கள். மேகமூட்டம்.

இன்று கூடுதல் வகுப்பு வைத்தார் பி. அ. யார் வருவார்கள் என்று போனேன். எல்லோரும். ஏஞ்சலின் அப்பா சேரைப் போட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். வேன் பற்றிப் பேச்சே இல்லை. பி. அ. இன்று மாஸ்டர் இடத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றார்.

"ரெண்டு தடவை செய்வோம். முதல்ல புக்ல இருக்கிற மாதிரி. அப்புறம் மாஸ்டர் மாதிரி."

முதல் தடவை பசங்கள் யாரும் தத்தவில்லை. அப்பளமே தேவைப்படவில்லை.

வீட்டுக்கு வந்தால் சதீஷ் என் போட்டி வீடியோவை அனுப்பியிருந்தான். "மச்சான், இது தத்தல் இல்ல, நீளம் தாண்டுதல்." பார்த்தேன். மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். வகுப்பிலேயே பெரிய தத்தல் தலைவருடையதுதான். அதுகூடப் பரவாயில்லை. தத்தும்போது மாஸ்டர் உதட்டை ஒரு பக்கமாக இழுத்துக்கொள்வார். வலி. அதையும் செய்கிறேன். தனி ஸ்டைல்.

மொட்டை மாடிக்குப் போய் இறங்கி வந்தபோது அம்மா படிக்குக் கீழே நின்று, "ஏண்டா திரும்புற இடத்துல நொண்டுற? அடியா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உட்கார வைத்து இடது முட்டியில் தைலம் தேய்த்தாள். ஒன்றுமே ஆகாத முட்டி. தைலம் கண்ணில் பட்டுவிட்டது என்றேன். முட்டியில் தேய்த்தது எப்படிடா கண்ணுக்குப் போகும் என்று அவள் கேட்கவில்லை.