கூரையில் என் பூட்ஸ்

மார்ச் 4, 2012
இந்த ஒரு வரியை எழுதக் கால் மணி நேரம் ஆனது. எழுபத்திரண்டு வயதில் முதல் நாட்குறிப்பு! தினமும் எழுதச் சொல்கிறார் நூலக எழுத்தறிவு வகுப்பு ஆசிரியை. இன்றைய செய்தி: கஞ்சி தீய்ந்தது. என் மனைவி மேவிஸ் எட்டிப் பார்த்து, "கோழி கிளறுன மாதிரி இருக்கு" என்றாள். இருக்கட்டும்.

மார்ச் 7
நம் பேராலயத்தின் தெற்குக் கூரையில் இருக்கும் ஈயத் தகடுகளை உருக்கி மறுபடி வார்க்கப் போகிறார்களாம். நான் நாற்பது வருடம் வேலை செய்த கூரை. வேலை முடிந்ததும் இரண்டு காலணியையும் ஈயத்தில் வைத்து, ஆணியால் சுற்றிக் கோடு கிழித்து, உள்ளே பெயரும் வருடமும் எழுதுவது எங்கள் வழக்கம். என் பூட்ஸ் கோடும் அங்கே இருக்கிறது. பெயர் இல்லை. எழுதத் தெரிந்தால்தானே?

மேற்பார்வை பார்க்கும் திருமதி ஹாலம் சொல்லிவிட்டார்: "பேரு போட்ட தகடை மட்டும் வெட்டி எடுத்து வைப்போம். மத்ததெல்லாம் உலைக்கு."

உலைக்கா!

மார்ச் 8
முழங்காலிடம் பேசினேன். கூரைக்கு இருநூற்றுப் பத்துப் படி என்றதும், நீ மட்டும் போ என்றது.

மார்ச் 11
ஏறிவிட்டேன். விரல் வைத்து ஒவ்வொன்றாக வாசித்தேன். "தாமஸ் விண்டர், 1741. காற்று அதிகம்." "ஜோப் ஃபர்னஸ், 1838. ராணி முடிசூடிய அன்று." பிறகு அந்த ஒற்றைக் கால். சோம்பேறி, பாதியில் நிறுத்திவிட்டான் என்று நாங்கள் எல்லாரும் சிரிப்போம். இன்று வாசித்தேன்: "ஆல்ஃபிரட் போ, 1919. இன்னொன்று பிரான்சில்."

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மன்னிச்சுக்கப்பா, போர்ல கால விட்டுட்டு வந்தவன்னு தெரியாமப் போச்சு.

என்னுடைய தகட்டில் எனக்கு மேலே சதுர மூக்குள்ள ஒரு சின்னக் காலணி ஜோடி. மிகப் பழையது. அதிலும் பெயர் இல்லை.

"என் பேர இப்ப எழுதிக்கட்டுமா, மேடம்?" என்று கூரையில் நின்ற திருமதி ஹாலமிடம் கேட்டேன்.

"உங்க பூட்ஸுதான்னு எப்படி நம்புறது, ஹெர்பர்ட்? நாளைக்கு ஊரே வந்து பேர் எழுதும்."

மார்ச் 12
நான் கோடு கிழித்த அதே பழைய பூட்ஸ் ஒன்றை மேவிஸ் கொல்லையிலிருந்து கொண்டுவந்தாள். அதில் ஜெரேனியம் வளர்க்கிறாள்.

"செடியப் பிடுங்கின, அப்புறம் உனக்குச் சோறு கிடையாது. அப்படியே தூக்கிட்டுப் போ."

செடியோடு இருநூற்றுப் பத்துப் படி! கோட்டின் மேல் வைத்தேன். கட்டைவிரல் வலிக்காக நான் வெட்டி விட்ட ஓரம் வரை அச்சாகப் பொருந்தியது. திருமதி ஹாலம் சிரித்துவிட்டார். "எழுதுங்க, எழுதுங்க. ஆனா உண்மையான தேதி போடணும்."

ஆணியால் முக்கால் மணி நேரம். "ஹெர்பர்ட் கிளெக். கால் 1966, பேர் 2012." கடைசி எண்கள் பூட்ஸை விட்டு வெளியே ஓடிவிட்டன.

ஜூன் 2
என் தகட்டை வெட்டி எடுத்து வடக்குச் சுவரில் மாட்டிவிட்டார்கள். பேராலயத் தலைமைக் குருவான டீன் வந்து கை கொடுத்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். சும்மாதான்.

பார்க்க வந்த ஓர் அம்மாள் மேலே காட்டிக் கேட்டார்: "இந்தச் சின்னக் காலுல பேரே இல்லையே. இத ஏன் வச்சிருக்காங்க?"

"அவனுக்கு எழுத வராதும்மா. என்கூட வந்துட்டான்" என்றேன்.