மாதா சுரூபம் நம் காம்பராவுக்கு வந்தது

பதுளை,
நவம்பர் 6

அன்பு மகள் ஜெசீகாவுக்கு அம்மா பவுலினா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம். நீயும் சுகம் என்றுதான் போனில் சொல்கிறாய், அதை நான் நம்பவில்லை. எதைக் கேட்டாலும் "நல்லா இருக்கேம்மா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் உன்னோடு அங்கே வேலை செய்கிற பண்டாரவளை நளீரா குவைத்துக்குத் திரும்பும்போது அவள் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன்.

முதலில் உன் அப்பா கதையைக் கேள். போன மாதம் அந்த மனுஷனுடைய போக்கே சரியில்லை. மழைக்குக் கூரை ஒழுகுகிறது, எதிர்ச் சரிவில் விஜயலெட்சுமி குடும்பம் கொங்கிரீட் சிலாப் போட்டு வீடு கட்டிவிட்டது, இவருக்கு ஒரு கவலையும் இல்லை, வேலை முடிந்து வரும்போதே வாயில் பாட்டு. காரணமில்லாமல் சிரிக்கிற ஆளை நம்பலாமா? குடியை விட்டு ஆறு வருஷமாகிறது, திரும்பவும் ஆரம்பித்துவிட்டாரோ என்று பக்கத்தில் போய் மோந்து பார்த்தேன், வெற்றிலை வாசம்தான். ஒரு வெள்ளிக்கிழமை தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வருகிறேன், நீ அனுப்பிய டீவி இருந்த இடம் வெறிச்சென்று கிடக்கிறது. விற்றுக் குடித்துவிட்டார் என்றே முடிவு கட்டி, கூடையைக்கூட இறக்காமல் லயமே கேட்கக் கத்தினேன். அவர் கட்டிலுக்கடியில் கையைக் காட்டினார். டீவி அங்கே போர்வையில் சுற்றி இருந்தது. அது இருந்த மேசையில் வெள்ளைத் துணி விரித்திருந்தார். சாயங்காலம் மாதா சுரூபம் வரப்போகிறதாம்!

அக்டோபரில் கோயிலிலிருந்து சுரூபம் லயத்தில் வீட்டுக்கு வீடு, காம்பரா காம்பராவாக வருவது உனக்குத் தெரியும். இரண்டு வருஷமாக நம் முறையை நான்தான் தட்டிக்கழித்தேன், புது வீடு கட்டியதும் மாதாவை அழைக்கிறோம் என்று உபதேசியாரிடம் சொல்லிவிட்டேன். இந்த ஒழுகுகிற கூரைக்குக் கீழே எப்படிக் கூப்பிடுவது என்று வெட்கம். உன் அப்பா எனக்குத் தெரியாமல் போய் முறை கேட்டு வாங்கியிருக்கிறார். சனங்கள் வந்து பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஜெபமாலை நடுவில் மழை பிடித்து மேசைக்குப் பக்கத்திலேயே சொட்டியது, அப்பா எழுந்து ஒரு சட்டியை வைத்துவிட்டு மறுபடி முழங்காலில் நின்றார், யாரும் சிரிக்கவில்லை. ஆளுக்கொரு மன்றாட்டுச் சொல்லும்போது ஒருவர் விசா கேட்டார், ஒருவர் வீடு கேட்டார். உன் அப்பா, "இருக்கிறதே நெறைய தாயே, புள்ளைய மட்டும் கொண்டாந்து விட்டுரு" என்றார். மாதா தொழுவத்தில் பிள்ளை பெற்றவள், அவளுக்கா நான் சிலாப் வீடு காட்டப் பார்த்தேன்? சட்டியில் சொட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதி, டீவி வந்த அன்றும் வரவில்லை, நிஜமாகச் சொல்கிறேன்.

இப்போது உன் கதை. இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே வேலை செய்யக் கையெழுத்துப் போடப்போகிறேன், இங்கே பிடித்திருக்கிறது என்கிறாய். பொய். வீடு வீடு என்று நான் அரித்ததால்தான் போடுகிறாய். கடைசியாக அனுப்பிய மூன்று படத்திலும் வலது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்திருக்கிறாய், அதில் என்ன காயமோ, நான் கவனிக்கவில்லை என்று நினைக்காதே. கையெழுத்துப் போடாதே மகளே. சிலாப் வேண்டாம், கூரைக்குத் தகரம் மாற்றினால் போதும், அதை அப்பாவே செய்வார். நத்தார் பண்டிகைக்கு, பாலன் பிறப்புக்கு வந்துவிடு.

வேளைக்குச் சாப்பிடு, படுக்கும்போது சிலுவை அடையாளம் போட மறக்காதே. ஆண்டவர் உன்னைத் தம் கண்மணிபோல் காப்பாராக. இதைப் படித்ததும் அந்த வலது கையைப் படம் பிடித்து அனுப்பு, துணியை விலக்கிவிட்டு.

அதுவரை உன் பேச்சை நம்பாத அம்மா,
பவுலினா