நனையாத மருந்தும் அப்பாவின் கைநாட்டும்

மேலநத்தம்,
ஐப்பசி 14, 1999.

அன்பு மகள் அக்னசுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், செவலைப் பசுவும் கன்றும் சுகம், ஒழுகுகிற ஓடுகூட அதன் வழக்கப்படி சுகம். சிங்கப்பூரில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் என் கவலை.

லீவில் ஊருக்கு வந்த மீரா உசேன் அண்ணனிடம் நீ கொடுத்தனுப்பிய நனையாத மருந்து டப்பா, அடித்தால் தண்ணீர் ஒட்டாது என்றாயே அது, வந்தது. முதலில் அதை அப்பாவின் துண்டில் அடித்துக் காயவைத்தேன், வேண்டுமென்றேதான். மனுஷர் குளித்துவிட்டு வந்து துடைக்கிறார், துடைக்கிறார், தண்ணீர் முதுகில் ஊர்வலம் போகிறதே தவிர துண்டில் ஏறவில்லை. “என்ன புள்ள, துண்டு என்னோட கோவமா இருக்கு?” என்றார், எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலி. பிறகு துணிப்பைக்கு அடித்து வாசல் மழையில் பிடித்தேன். துளிகள் சேம்பு இலைமேல் ஓடுவது போல உருண்டன. ஒரு துளிக்குள் நம் வயல் தலைகீழாக நின்றது, நடவு நட்ட பச்சையோடு. பார்த்துக்கொண்டே இருந்ததில் சோறு அடிப்பிடித்துவிட்டது.

அந்த வயலுக்குத்தான் செவ்வாய்க்கிழமை மன்னார்குடி தாலுகா ஆபீசில் விசாரணை நடந்தது. குத்தகைப் பதிவில் இன்னும் உன் தாத்தா பேர்தான், அவர் போன பிறகு அப்பாவுக்கு ஏது பாத்தியதை, காலி செய்யட்டும் என்கிறார் பண்ணை ஏஜெண்டு நாகநாதன். மழையில் காகிதம் போய்விடக் கூடாதே என்று உன் அப்பா எனக்குத் தெரியாமல் பழைய குத்தகை ரசீதுகளுக்கெல்லாம் மருந்து அடித்து, அதே கையோடு பதிவில் தன் பேரை ஏற்றக் கேட்கும் புது மனுவுக்கும் அடித்திருக்கிறார்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் நல்ல மழை. பையின் துணி நனையவில்லை, தையல் வழியே தண்ணீர் உள்ளே போய்விட்டது. ஆனாலும் ரசீதுகளை உதறியதும் துளிகளெல்லாம் உருண்டு விழுந்தன, தாத்தா காலத்து மை அப்படியே இருந்தது. மடிப்பு விழுந்த இடத்தில் மட்டும் ஈரம் ஏறி ஒரு வருஷத்து ரசீது இரண்டாகிவிட்டது. அடுத்து மனுவில் கைநாட்டு. அப்பா மூன்று தடவை அழுத்தியும் மை முத்து முத்தாகத் திரண்டு ஓடியது. நாகநாதன் வாய்விட்டுச் சிரித்து, “என்னப்பா குழந்தைராஜு, ஒன் கையே இந்த நெலத்துல ஒட்டலியே” என்றார். அப்பா முகம் செத்துப்போயிற்று. எனக்குப் பொறுக்கவில்லை, “கை ஒட்டாட்டி என்னங்க, முப்பது வருசமா காலு அந்தச் சேத்துலதான் ஒட்டிக் கெடக்கு” என்றேன். விசாரித்த அதிகாரி சிரித்துவிட்டு மனுவைத் திருப்பிப் போட்டார். பின்பக்கம் மருந்து படவில்லை. அங்கே அப்பாவின் ரேகை பதிந்தது, வாய்க்காலும் வரப்புமாக ஒரு சின்ன வயல் போல. பிறகு அவர் என்னைப் பார்த்து, “நீங்களும் சேந்துதானே பயிர் பண்றீங்க, நீங்களும் போடுங்கம்மா” என்றார். நான் பேனாவை அழுத்திப் பேர் எழுதினேன். இரண்டு பேரையும் பதிவில் ஏற்ற உத்தரவு போடுகிறேன் என்று சொல்லி அனுப்பினார். திரும்பும்போது குடையை விரிக்க இருவருக்கும் தோன்றவே இல்லை.

அந்த மருந்தை நீ செருப்புக்கோ பைக்கோ அடித்தால் வெளியே காற்றில் வைத்து அடி, மூச்சில் ஏற்றிக்கொள்ளாதே. சோப்புப் போட்டால் போய்விடும், மறுபடி அடிக்க வேண்டும். பாஸ்போர்ட் பக்கம் மட்டும் கொண்டுபோகாதே. வேளாங்கண்ணி மாதா உன்னை நிழலாக மூடிக் காக்கட்டும். ஞாயிறு பூசையை விட்டுவிடாதே.

இப்படிக்கு உன் அம்மா,
இருதயம்மாள், சாகுபடிதாரர்.