பால்கனியில் தொங்கிய குழந்தை

அன்பு மகளுக்குச் சித்தப்பா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருந்தால் எங்கள் சுகத்துக்கும் குறைவில்லை. இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன், உன் சித்தியைக் கேட்டுப் பார். நம் ஜெராக்ஸ் கடைக்குப் போர்டு எழுதிய பெயின்டர், சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறான் என்றதும் தெருவே உச்சுக்கொட்டியது. நான்தான் கடை கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வைத்தியத்துக்குப் பணம் திரட்டித் தரும் ஒரு இணையதளத்தில் அவன் கதையை எழுதி ஃபேஸ்புக்கிலும் போட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதியதைப் படித்து எழுபதாயிரம் பேர் அழுதார்கள், நாலாயிரம் என்று உன் சித்தி சொல்வாள், நம்பாதே. மாடி பால்கனிக் கம்பியில் தொங்கிய குழந்தையை எட்டிப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டு அவன் விழுந்த இடத்தை டைப் அடிக்கும்போது எனக்கே கண் கலங்கி எழுத்து தெரியவில்லை. நீயும் ஆபீசில் எல்லாருக்கும் அனுப்பி, உன் மேனேஜரையே கொடுக்க வைத்தாய். ஐந்தே நாளில் ஆபரேஷனுக்கு வேண்டியது சேர்ந்துவிட்டது.

அங்கேதான் வந்தது வினை. அந்தக் குழந்தையைக் காட்டுங்கள் பார்ப்போம் என்று யாரோ ஒருவர் கீழே எழுத, அதைப் பிடித்துக்கொண்டு நூறு பேர் கேட்க, விசாரித்து முடிக்கும்வரை பணம் கிடையாது என்று அந்தத் தளத்துக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். நாளைக் காலை பத்து மணிக்கு அங்கிருந்து ஒரு அம்மாள் கடைக்கே வருகிறாள். நாளை மறுநாள் ஆபரேஷன். இதற்கு மேல் தள்ளினால் எலும்பு கோணலாகக் கூடிவிடும், அப்புறம் அவன் ஏணியை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெயின்டர் மனைவி வார்டு வாசல் பெஞ்சில் இருக்கிறாள், என்னைக் கண்டதும் எழுந்து நிற்கிறாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இதற்கு நடுவில் அந்த மாடிக் கட்டடத்திலிருந்து மூன்று தாய்மார்கள், தொங்கினது எங்க பிள்ளைதான் என்று வந்து நிற்கிறார்கள். ஒருத்தி, எம்பொண்ணு சிவப்புக் கவுன் போட்டிருந்தா, நீங்க எழுதாம விட்டுட்டீங்க என்று சண்டைக்கே வருகிறாள். இன்னொருத்தி கூட்டி வந்த குழந்தைக்கு மீசை முளைத்திருக்கிறது. யாராவது ஒருத்தியை அந்த அம்மாள் முன்னால் நிறுத்திவிடலாமா என்று நானும் ஒரு மணி நேரம் யோசித்தேன், மறைப்பானேன்.

நேற்று நீ போனில், சித்தப்பா, எம் பேரைப் போட்டு அனுப்பியிருக்கேன், அந்தக் குழந்தை யாருன்னு மட்டும் சொல்லுங்க என்று கேட்டாய். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. அதனால்தான் இதை உட்கார்ந்து அடித்து ஈமெயிலில் அனுப்புகிறேன்.

நீ நீடூழி வாழ வேண்டும், வெளியே போகும்போது அடுப்பை அணைத்தாயா என்று ஒருமுறைக்கு இருமுறை பார். குழந்தை என்று யாரும் இல்லையம்மா. ஒரு கடையின் பெயரை எழுதி முடித்தவன், எழுத்து நேராக விழுந்திருக்கிறதா என்று தள்ளி நின்று பார்க்க, தரையில் இருக்கிற நினைப்பில் ஒரு அடி பின்னால் வைத்தான். அவ்வளவுதான் நடந்தது. இதற்கு யார் கொடுப்பார்கள் என்று நினைத்துவிட்டேன். நாளை அந்த அம்மாளிடம் இதைத்தான் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் உன் மேனேஜரிடம் நீயே சொல்லிவிடு: பொய் சொன்னது எங்க சித்தப்பா, இடுப்பு உடைஞ்சது நிஜம்.

உன் பேரைக் கெடுத்தாலும் உன்னையே நம்பியிருக்கும்,
சித்தப்பா