பாதியில் அணைந்த அடுப்பு

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

காய்ச்சல் விட்டு, ஆய்வகத்துக்குத் திரும்பிவிட்டேன். வந்ததும் மேசையில் நீ காய்ச்சி இறக்கிய ஜூனிபர் காய் எண்ணெய்தான் இருந்தது. வாங்கப்போகிற கம்பெனி சோதனைக்கு அனுப்பியிருக்கிறது. மூன்று தரம் கருவியில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். போனில் கேட்க வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஜூனிபர் காயில் ஆல்ஃபா பைனீன் என்கிற, முதலில் இறங்கும் லேசான சரக்கு இருக்கத்தான் வேண்டும். இதில் அது மட்டும் தலைவிரித்தாடுகிறது. பின்னால் இறங்கும் டெர்பினியோல் வகைகள் பேருக்கு இருக்கின்றன. ஜெர்மாக்ரீன் மாதிரி கனமான சரக்கைக் காணவே காணோம். காய்ச்சுவதைப் பாதியில் நிறுத்தினாலும் இப்படி வரும். ஆனால் வீடே பற்றி எரிந்தாலும் நீ கடைசிச் சொட்டு வரை அடுப்பை அணைக்க மாட்டாய். அப்படியானால் பைனீன் நிறைந்த மலிவான டர்பன்டைனைக் கலந்ததுதான். அத்தான் ஏதாவது கலந்தாரா? கேட்கவே கூசுகிறது. வெள்ளிக்கிழமை அறிக்கை போக வேண்டும். இருப்புக் கொள்ளவில்லை. உடனே எழுது.

உன் தம்பி

பிப்ரவரி 14

அவசரக்குடுக்கைக்கு,

கடிதத்தை அத்தான்தான் முதலில் படித்தார். "உன் தம்பி என்னைத் திருடன்னு சொல்றானா?"ன்னு கேட்டுவிட்டு, தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

வீடு எரிந்தாலும் அணைக்க மாட்டேன்தான். அன்று காலை கொப்பரையில் ஆவி கிளம்பி, எண்ணெய் சொட்ட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நீ காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடப்பதாகச் சொன்னார்கள். நெருப்பில் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஓடி வந்தேன். பைனீன் முந்திக்கொண்டு இறங்கியிருந்தது, மற்றதெல்லாம் காயோடு வீணாயிற்று. இருந்ததைப் புட்டியில் ஊற்றி அனுப்பினேன். அதற்குத்தான் இந்தத் திருட்டுப் பேர்.

அக்கா

பிப்ரவரி 17

அக்கா,

உன் கடிதம் வருவதற்குள் வெள்ளிக்கிழமை போய்விட்டது. 'கலப்படம்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

படித்ததும் உன் புட்டியைத் திரும்ப எடுத்தேன். மறுபடி ஓட்டினேன். டர்பன்டைனில் சாதாரணமாக வருகிற கேரீன் உன் எண்ணெயில் மருந்துக்குக்கூட இல்லை. அதை முதலிலேயே தேடியிருக்க வேண்டும், படுபாவி நான். 'முழுதாகக் காய்ச்சாதது, கலப்படம் இல்லை' என்று திருத்தி அனுப்பினேன். மேலாளர், "உனக்கு மூளை இருக்கா?"ன்னு கத்தினார். கம்பெனியிடமிருந்து இன்னும் பதில் இல்லை. உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை.

நாளை முதல் பஸ்ஸில் வருகிறேன். புதுக் காய் போட்டு வை. இந்தத் தடவை கடைசிச் சொட்டு வரை அடுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன். அத்தான் என்னோடு பேச வேண்டாம். வாசலோடு விரட்டிவிடாமல் இருந்தால் போதும், சொல்லி வை.

தம்பி