சாக்கடையில் கிடந்த நம் சுவர்

டெல்லி

அன்புள்ள செல்லக்கிளிக்கு,

நான் சுகம். நீயும் அகல்யாவும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

நாம் குடியிருந்த கரைக்குக் கீழே ஓடும் சாக்கடையிலேயே தூர்வாரும் வேலை கிடைத்திருக்கிறது. அள்ளிய சேற்றைக் கரையில் குவிக்கிறோம். மழை அதைத் திரும்ப உள்ளே தள்ளுகிறது. "மறுபடியும் அள்ளு, ஜல்தி!" என்கிறான் மேஸ்திரி.

ஒரு வேடிக்கை கேள். நேற்று மண்வெட்டியில் பச்சைப் பூச்சோடு ஒரு காரைத் துண்டு வந்தது. நீ அடித்த பச்சைதான். அரசாங்கம் இடித்துப் போட்ட நம் வீட்டை வெயிலும் மழையும் பொடியாக்கிக் கீழே இறக்கியிருக்கின்றன. ஆறு மலையைக் கரைத்து வண்டல் சேர்க்கும் என்று அகல்யா பாடம் படிப்பாளே, அதேதான்.

கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண். ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால் வேப்பெண்ணெய் கொடுத்தனுப்பு. எனக்கும் பேச ஆள் கிடைத்த மாதிரி இருக்கும்.

சேறு ஏற்ற லாரி வந்துவிட்டது. நம் வீட்டை இன்னும் கொஞ்சம் அள்ள வேண்டும்.

சதாசிவம்