உங்கள் கிளாஸில் பாதி இருந்தது

அப்பா,

இன்று மழைக்கோட்டு எடுக்க உங்கள் மோட்டார் சைக்கிள் சீட்டைத் திறந்தேன். கோட்டுக்கு அடியில் நான்காக மடித்த ஒரு கடிதம், அதைச் சுற்றி எறும்பு. உங்கள் தொழிற்சாலைக் கடிதம். உங்கள் லைனில் உற்பத்தி குறைந்துவிட்டதாம். மூன்று மாதத்தில் சரியாகாவிட்டால் வேலை இல்லையாம். மடிப்போரம் முழுக்கப் பழுப்புக் கறை. முகர்ந்து பார்த்தேன். தே தாரேக் தேநீரின் பால் வாடை. தேதியையும் பார்த்தேன். அந்தக் கறை நான் போட்டது.

நம் கால்பந்து அணி சொந்தத் திடலிலேயே தோற்ற நாள் அது. நீங்கள் வேலை முடிந்து சீருடையோடு நேராக, டிவியில் ஆட்டம் பார்க்கத் தம்போயில் இருக்கும் பாய் தேநீர்க் கடைக்கு வந்திருந்தீர்கள். கடையின் தீர்ப்பு முறை என் கண்டுபிடிப்புதானே. ஆட்டம் முடிந்ததும், கோச் வேண்டாம் என்பவர்கள் குடித்த கிளாஸைக் கவிழ்க்க வேண்டும். இன்னும் அவகாசம் கொடுக்கலாம் என்பவர்கள் நிமிர்த்தி வைக்க வேண்டும். பாய் எண்ணிச் சொல்வார். மேசை துடைக்கிற அண்ணன் என்னைத் திட்டாத வாரமில்லை. அந்த சீசனில் அதுவரை நிமிர்ந்து நின்றது உங்கள் கிளாஸ் ஒன்றுதான். கோச்சைப் பற்றிப் பேசினாலே அப்பா கோச்சுக்குவாரு என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

"அஞ்சு மேட்ச்சா ஜெயிக்கல. இன்னும் என்னப்பா டைம்?" என்றேன்.

"பேக் லைன்ல ரெண்டு பழைய ஆளும் போயிட்டாங்க லா. புதுசா வந்தவனுங்க பழக வேணாமா? அதுக்குள்ள டார்கெட் கேட்டா எப்படி?"

"கோல் அடிக்கிறதுக்கு ஏது அங்கிள் டார்கெட்?" என்று என் வகுப்புத் தோழன் சுரேன் சிரித்தான்.

"மூணு மாசம்லாம் பத்தாது" என்றீர்கள்.

"லீக் முடியவே ரெண்டு மாசம்தான் இருக்கு" என்றான் சுரேன்.

"அலமாக், அப்பாவுக்குக் கணக்கும் வரல" என்றேன் நான். நாங்கள் சிரித்தோம். நீங்கள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அந்த நேரம் பார்த்து உங்கள் கிளாஸை எடுத்துக் கவிழ்த்து, "ஒருமனதான தீர்ப்பு" என்று அறிவித்தேன். கையில் கனம் தெரிந்தது; ஆனால் சிரிப்பு முந்திவிட்டது. தேநீர் மேசையோரம் வழிந்து உங்கள் கால்சட்டைப் பையில் இறங்கியது. நீங்கள் திட்டவில்லை. பையைக் கையால் பொத்திக்கொண்டீர்கள்.

"பாதி இருந்துச்சுடா."

சுட்டதால் பொத்துகிறீர்கள் என்று நினைத்தேன்.

அந்த வாரமே கோச்சை அனுப்பிவிட்டார்கள். அவர் பெட்டியோடு காரில் ஏறுகிற படத்துக்குக் கீழே 'கோச் கிளம்பிவிட்டது, பயணிகள் பத்திரம்' என்று எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன். உங்களிடமும் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இவருக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?" என்று கேட்டீர்கள். தெரியாது என்றேன். தெரிந்துகொள்ள வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

மூன்று மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது, தொழிற்சாலை வாசலில் மோட்டாருக்கு ஸ்டாண்ட் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள். நெஞ்சுவலி. மருத்துவமனை போய்ச் சேரவில்லை. தொழிற்சாலையிலிருந்து மாலை வந்தது. "ரொம்ப நல்ல சூப்பர்வைசர்" என்று ஒருவர் அம்மாவிடம் சொன்னார். கடிதம் பற்றி அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. காட்டுவதா வேண்டாமா என்று எனக்கும் தெரியவில்லை. எதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பேனே, இதற்குத் தேடிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

அந்தக் கோச் கெட்டிக்காரர் என்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆளை மாற்றுவதில் எப்போதும் தாமதம். இடது பக்கம் ஓட்டை விழுந்ததை ஊரே பார்த்தது, அவர் மட்டும் பார்க்கவில்லை. இன்னும் பத்து ஆட்டம் கொடுத்திருந்தாலும் தோற்றிருக்கலாம். ஒன்பது நாளில் உங்கள் லைன் சரியாகியிருக்குமா என்பதும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் முன்பே கவிழ்த்தவன் நான்.

இது புது சீசன். இன்று புதுக் கோச்சும் தோற்றார். கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மழையில் பாய் கடைக்குப் போனேன். வரிசையாக எல்லாக் கிளாஸும் கவிழ்ந்தன. சுரேன் என் கிளாஸுக்குக் கை நீட்டினான். உள்ளங்கையால் மூடிக்கொண்டேன்.

"குடிச்சிட்ட தானேடா?"

"பாதி இருக்கு" என்றேன்.

காலி கிளாஸ்தான், அப்பா. ஆனாலும் பாய் எண்ணி முடிக்கும்வரை கையை எடுக்கவில்லை.

"நிமிந்தது ஒண்ணு" என்றார் பாய்.